கடைசி ஷாட்டைப் படிப்பது

நம் ஊர் தியேட்டர்களில் படத்தின் கடைசி இரண்டு நிமிடங்களைப் பாதிப் பேர் நின்றபடிதான் பார்க்கிறார்கள். வில்லன் விழுந்தானோ இல்லையோ, கால் இருட்டில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுகிறது. பார்க்கிங்கில் வண்டி எடுக்கும் நெரிசல் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. கதைதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன? பல படங்களுக்கு இது நியாயமான கேள்விதான். தேர்ந்த இயக்குநர்களோ கதை முடிந்த பிறகும் கொஞ்ச நேரத்தைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்கிறார்கள். வசனம் ஓய்ந்துவிடும், திருப்பம் எதுவும் மிச்சம் இருக்காது. ஒரு ஆள், ஒரு இடம், ஒரு வெளிச்சம் மட்டும் திரையில் நிற்கும். அந்த நேரத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

நான் வற்புறுத்தப்போவது ஒன்றே ஒன்று. கடைசி ஷாட்டின் பொருளைக் கடைசி ஷாட்டுக்குள் மட்டும் தேடாதீர்கள். படத்தின் முதல் பாதியில், நடுவில், யாரும் கவனிக்காத நேரத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். மாதாமாதம் சீட்டுக் கட்டி வந்தவர் கடைசியில் மொத்தமாக எடுப்பதுபோல இயக்குநர் அதை முடிவில் எடுத்துக்கொள்கிறார். கட்டிய தவணைகளை எண்ணாமல் தொகையைப் பற்றிப் பேசுவதால்தான் நம் விமர்சனங்களில் ‘கடல் விடுதலையைக் குறிக்கிறது’, ‘மழை சோகத்தைக் குறிக்கிறது’ போன்ற வாக்கியங்கள் பெருகிக் கிடக்கின்றன. எந்தப் படத்துக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தப் படத்தையும் பற்றியது ஆகாது.

எடுத்துக்காட்டுக்கு ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். 1956-ல் வந்த அமெரிக்க வெஸ்டர்ன். உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்குப் படையைச் சேர்ந்த ஈத்தன் எட்வர்ட்ஸ் (ஜான் வேய்ன்) 1868-ல் டெக்சஸில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வருகிறான். அடுத்த நாளே அவனும் மற்றவர்களும் கால்நடைத் திருட்டு ஒன்றைத் துரத்திக்கொண்டு போகிறார்கள். அந்த நேரம் பார்த்து கமாஞ்சிப் பழங்குடியினர் வீட்டைத் தாக்கி, எரித்து, குடும்பத்தைக் கொன்று, சின்னப் பெண் டெபியைக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஈத்தனும், அந்தக் குடும்பம் எடுத்து வளர்த்த மார்ட்டினும் அவளைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். போகப்போக நமக்கு ஒன்று உறைக்கிறது. கமாஞ்சிகளோடு வளர்ந்துவிட்டவளை மீட்க ஈத்தன் போகவில்லை, கொல்லப் போகிறான். கடைசியில் அவன் அவளைக் கொல்லவில்லை, கையில் தூக்கிக்கொண்டு வருகிறான். கதை அங்கே முடிகிறது. படம் முடிய இன்னும் ஒரு ஷாட் பாக்கி.

முதலில் சத்தத்தை அணையுங்கள்

கடைசிக் காட்சியை முதல் தடவை பாட்டோடும் இசையோடும் பாருங்கள். அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், தப்பில்லை. இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்க அணைத்துவிடுங்கள். இசை இருக்கும்வரை எந்த பிம்பமும் நம்மை நம்பவைத்துவிடும். அது போனால்தான் கண் வேலை செய்யத் தொடங்கும்.

மூன்றாவது தடவை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். ஷாட் மாறும் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, ஒரு நீள்சதுரம் போட்டு, அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று வரையுங்கள். ஓவியம் வராதவர்களுக்கு ஆளுக்கு ஒரு கோடு, கதவுக்கு ஒரு பெட்டி போதும். இருட்டாக இருக்கும் இடத்தைப் பென்சிலால் அழுத்தித் தீட்டுங்கள். வெளிச்சம் எங்கே என்று கேட்பதைவிட இருட்டு எவ்வளவு என்று கேட்பது அதிகப் பலன் தரும்.

‘தி சர்ச்சர்ஸ்’ முடிவை இப்படி வரைந்தால் பென்சில் தேய்ந்துவிடும். கேமரா அண்டை வீட்டுக்காரர்களான ஜோர்கன்சன்களின் வீட்டுக்குள், கும்மிருட்டில் இருக்கிறது. இடமும் வலமும் கறுப்பு. நடுவில் வாசல் மட்டும் செங்குத்தான வெளிச்சப் பட்டையாகத் தெரிகிறது. அந்தப் பட்டைக்குள் வெயில், சிவந்த மண், ஈத்தன்.

இந்தப் படம் விஸ்டாவிஷனில் எடுக்கப்பட்டது. அந்த முறையில் ஃபிலிம் கேமராவுக்குள் படுக்கைவாட்டில் ஓடும். அதனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேல் பரப்பு கிடைக்கும், அகலத்திரையில் தூரத்துக் குன்றின் விளிம்புகூடக் கத்தியாகத் தெரியும். ஃபோர்டும் ஒளிப்பதிவாளர் விண்டன் ஹாக்கும் அரிசோனா–யூட்டா எல்லையில் உள்ள மானுமென்ட் பள்ளத்தாக்கை படம் முழுக்க அந்த அகலத்தில் காட்டிக்கொண்டே வருகிறார்கள். கடைசி ஷாட்டில் அந்த அகலத்தின் இரண்டு பக்கத்தையும் கறுப்பால் அடைத்துவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய நிலம் ஒரு வாசல் அகலத்துக்குச் சுருங்கிப்போகிறது. காட்சி அமைப்பு என்றால் என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு இந்த ஒரு முடிவைக் காட்டினாலே போதும் என்பது என் கருத்து.

யார் உள்ளே, யார் வெளியே

அடுத்த வேலை, நடமாட்டத்தை எழுதுவது. கருத்து எதுவும் வேண்டாம், போலீஸ் எஃப்.ஐ.ஆர். மாதிரி எழுதுங்கள். ஈத்தன் டெபியைத் தூக்கிக்கொண்டு வந்து திண்ணையில் விடுகிறான். ஜோர்கன்சன் தம்பதி அவளை அணைத்தபடி வாசலைக் கடந்து இருட்டுக்குள் வருகிறார்கள், கேமராவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஈத்தன் வாசலை நோக்கி ஒரு அடி வைக்கிறான். பின்னால் மார்ட்டினும் ஜோர்கன்சன்களின் மகள் லாரியும் வருகிறார்கள். ஈத்தன் ஒதுங்கி வழிவிடுகிறான். அவர்களும் உள்ளே போகிறார்கள். ஈத்தன் வாசலில் நிற்கிறான். இடது கையால் தன் வலது முழங்கையைப் பிடித்துக்கொள்கிறான். திரும்புகிறான். நடக்கிறான். கதவு மூடிக்கொள்கிறது. திரை கறுப்பாகிறது.

இப்போது உள்ளே போனவர்களைக் கணக்கெடுங்கள். கமாஞ்சிகளோடு வாழ்ந்த டெபி போகிறாள். மார்ட்டின் உடம்பில் எட்டில் ஒரு பங்கு செரோக்கிப் பழங்குடி ரத்தம். படத்தின் ஆரம்பத்தில் அதைச் சொல்லித்தான் ஈத்தன் அவனைச் சாப்பாட்டு மேஜையிலேயே குத்திக்காட்டுகிறான். அவனும் போகிறான், அதுவும் ஈத்தன் விலகிக் கொடுத்த வழியில். பைத்தியம் என்று எல்லோரும் ஒதுக்கிய மோஸ் ஹார்ப்பருக்குக்கூட அவன் ஆசைப்பட்ட ஆடும் நாற்காலி திண்ணையில் கிடைத்துவிட்டது. ரத்தத்தின் சுத்தத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசிய ஒருவனுக்கு மட்டும் அந்த வீட்டில் இடமில்லை. அவனை யாரும் துரத்தவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இதை எந்த வசனமும் சொல்வதில்லை. யார் வாசலைக் கடந்தார்கள் என்ற பட்டியலே சொல்லிவிடுகிறது.

பட்டியலில் இல்லாதவர்களையும் கேளுங்கள். டெபியின் கமாஞ்சி வாழ்க்கை இந்த முடிவில் எங்கே? அவள் கடைசிக் காட்சியில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் வாழ்ந்த கூடாரங்கள் தாக்கப்பட்டதை ஐந்து நிமிடம் முன்புதான் பார்த்தோம். அவளைத் தாங்கிக்கொண்டு உள்ளே போகும் கைகள் அன்பானவைதாம். அவளுக்கு எங்கே இருக்க விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை, ஃபோர்டும் கேட்கவில்லை. இந்தப் படத்தைக் கொண்டாடும் பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் தாண்டாதீர்கள். ஃபிரேமுக்குள் அழகாக அடுக்கப்பட்டிருப்பதைப் போலவே, ஃபிரேமில் இடம் கொடுக்கப்படாததும் இயக்குநரின் முடிவுதான்.

தவணைகளை எண்ணுவது

இனிதான் உண்மையான வேலை. கடைசி ஷாட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும், அதாவது கதவு, கை, காற்று ஒவ்வொன்றுக்கும், நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் படத்தை முதலிலிருந்து ஓட்டுங்கள். அது முன்பு எப்போதெல்லாம் வந்தது?

கதவைத் தேடினால் முதல் ஷாட்டிலேயே மாட்டும். படம் கறுப்பில் தொடங்குகிறது. ஒரு கதவு திறக்கிறது. தம்பி மனைவி மார்த்தா நிழலுருவாக வாசலில் நிற்கிறாள். அவள் வெளியே நடக்க, கேமராவும் பின்னாலேயே வெளிச்சத்துக்குப் போகிறது. தொலைவில் ஈத்தன் வருகிறான். திறந்த கதவு முடிவில் மூடுகிறது என்று இதை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்பவர்கள் ஏராளம். அது பாதிதான். நடுவில் இன்னும் மூன்று இடம் இருக்கிறது. எரிந்த வீட்டின் புகைக்கூடத்துக்குள் மார்த்தாவின் சடலம் கிடக்கிறது. நமக்கு அது காட்டப்படுவதில்லை. கேமரா உள்ளே இருட்டில் இருக்க, வாசலில் வந்து நின்று பார்க்கும் ஈத்தன் மட்டும் தெரிகிறான். பிறகு கமாஞ்சிகள் துரத்தும்போது அவனும் மார்ட்டினும் ஒரு குகைக்குள் ஒதுங்குகிறார்கள். அந்த ஷாட்டும் குகைக்குள்ளிருந்துதான். கடைசியாக, ஓடும் டெபியை அவன் பிடிக்கும் இடத்தையும் நாம் ஒரு குகை வாயின் வழியாகவே பார்க்கிறோம்.

இந்த வாசல்களை வரிசையாக வரைந்து பார்த்தால் ஒன்று புலப்படும். உள்ளே இருப்பது ஒவ்வொரு தடவையும் வேறு: குடும்பம், பிணம், தஞ்சம், பயந்த பெண், மறுபடியும் குடும்பம். ‘கதவு நாகரிகம், வெளியே காட்டுமிராண்டித்தனம்’ என்ற பழைய சூத்திரம் இங்கேயே உடைந்துவிடுகிறது. மிகப் பெரிய கொடுமை கிடந்தது ஒரு வாசலுக்கு உட்புறத்தில்தான். மாறாமல் இருப்பது வேறு ஒன்று. பெரும்பாலும் ஈத்தன் வெளிச்சத்தில் நிற்க, நாம் இருட்டிலிருந்து அவனைப் பார்க்கிறோம்.

இன்னொன்று. முதல் கதவும் கடைசிக் கதவும் ஒரே வீட்டின் கதவுகள் அல்ல. பல தடவை பார்த்தவர்கள்கூட இதில் ஏமாறுகிறார்கள். எட்வர்ட்ஸ் வீடு எரிந்து சாம்பலாகிவிட்டது. அவன் திரும்பி வருவதற்கென்று ஒரு வீடு இனி கிடையாது. அண்டை வீட்டுத் திண்ணைவரைதான் வரமுடியும். முதல் கதவை மார்த்தா திறக்கிறாள். அவளுக்கும் ஈத்தனுக்கும் இடையில் சொல்லாத காதல் ஒன்று உண்டு என்பது அவனுடைய கோட்டை அவள் தடவிக்கொடுக்கும் ஒரே ஷாட்டில் தெரிந்துவிடும். கடைசிக் கதவை மூடும் கை திரையில் இல்லை. திறந்தவள் செத்துவிட்டாள்.

காற்றுக்கு வருவோம். படத்தின் முன்பகுதியில் புதைக்கப்பட்ட ஒரு கமாஞ்சியின் கண்களை ஈத்தன் சுட்டுச் சிதைக்கிறான். கண் இல்லாதவனுக்கு ஆவிகளின் நாட்டுக்குள் நுழைய முடியாது, காற்றுகளுக்கு நடுவே என்றென்றைக்கும் அலைய வேண்டியதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை என்று அவனே விளக்கமும் சொல்கிறான். முடிவில் அவன் புழுதிக் காற்றுக்குள் நடந்து போகும்போது அந்தச் சாபம் யார் தலையில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இது என் கற்பனை என்று யாராவது சொன்னால், நான் அந்த முந்தைய காட்சியை ஓட்டிக்காட்ட முடியும். குறியீடு என்று நீங்கள் எழுதும் எதற்கும் இந்த மாதிரி ஒரு சாட்சி கையில் இருக்க வேண்டும்.

முழங்கைக் கதை

ஜான் வேய்ன் முழங்கையைப் பிடிப்பது பற்றி ஒரு தகவல் உண்டு. மௌனப்பட காலத்து வெஸ்டர்ன் நாயகன் ஹாரி கேரி அப்படி நிற்பது வழக்கம். ஃபோர்டின் ஆரம்ப காலப் படங்கள் பலவற்றின் நாயகன் அவர்தான். 1947-ல் இறந்துவிட்டார். திருமதி ஜோர்கன்சனாக நடித்த ஆலிவ் கேரி அவருடைய மனைவி. அந்த ஷாட்டில் அவர் எதிரிலேயே இருக்க, மறைந்த நடிகருக்கு மரியாதையாக அப்படிச் செய்ததாக வேய்ன் பின்னால் சொல்லியிருக்கிறார்.

அழகான தகவல்தான், சந்தேகமில்லை. அதைத் தெரிந்துகொண்டதும் ஷாட்டைப் புரிந்துகொண்டுவிட்டதாக நினைப்பதில்தான் வம்பு. ஹாரி கேரி யார் என்றே தெரியாத மதுரைக்காரர் ஒருவருக்கும் அந்தக் கை ஏன் நெஞ்சில் தைக்கிறது? முந்தைய நிமிடத்தைப் பாருங்கள். அந்தக் கைகளில் டெபி இருந்தாள். இறக்கி விட்டாயிற்று. ஆண்டுக்கணக்கில் துப்பாக்கியும் கடிவாளமும் பிடித்த கைகளுக்கு இப்போது வேலை இல்லை. பிடிக்க ஆள் இல்லாத கை தன்னையே பிடித்துக்கொள்கிறது. இன்னும் பின்னால் போனால், முதல் நாள் இரவு சிறுமி டெபியை இதே கைகள் தலைக்கு மேலே தூக்கியது கிடைக்கும். குகை வாசலில் வளர்ந்தவளை அவன் தூக்குவதும் அதே மாதிரிதான். திரைக்கு வெளியே உள்ள தகவலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திரைக்குள் உள்ளது தீர்ந்த பிறகு சேருங்கள்.

மூலக்கதை இருந்தால் அதையும் பார்த்துவிடுவது நல்லது. ஆலன் லே மேயின் 1954 நாவலில் ஈத்தனின் இடத்தில் வரும் ஆமோஸ் முடிவுக்கு முன்பே செத்துவிடுகிறான். வாசலில் நிற்க அங்கே ஆளே இல்லை. படம் அவனைச் சாகவிடாமல் வெளியே நிறுத்தியிருக்கிறது. எது கடினமான தண்டனை என்பது உங்கள் யோசனைக்கு.

கேத்தி ஸ்டேஷன்

இதே கண்ணோடு நம் படம் ஒன்றைப் பார்க்கலாம். பாலு மகேந்திரா எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்த ‘மூன்றாம் பிறை’, 1982. அவருக்கு ஒளிப்பதிவுக்கும் கமல் ஹாசனுக்கு நடிப்புக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம். நினைவு திரும்பிய பெண் ரயிலில் இருக்கிறாள். அவளைக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்ட சீனு, நீலகிரியின் கேத்தி ஸ்டேஷனில், மழையில், உடம்பெல்லாம் சேறாக நின்று குரங்கு மாதிரிக் குதித்துக் காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை.

‘மழை கண்ணீரின் குறியீடு’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். பின்னால் போய்க் குரங்காட்டத்தைத் தேடுங்கள். ஊட்டி வீட்டில் அது அவர்கள் இருவருக்குள் மட்டும் நடந்த விளையாட்டு. அவளைச் சிரிக்க வைக்க அவன் கண்டுபிடித்தது. அதே அசைவு பிளாட்ஃபாரத்தில் ஒரு அடையாளச் சீட்டாக நீட்டப்படுகிறது, வாங்கிப் படிக்க ஆள் இல்லை. ஒரே அசைவுக்கு வீட்டுக்குள் ஒரு பொருள், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வேறு பொருள். அவள் கண்ணால் பார்த்தால் அவன் பைத்தியக்காரன். நாம் அவன் கண்ணாலும் பார்க்கிறோம் என்பதால்தான் தாங்க முடியவில்லை. மழையும் சேறும் செய்யும் வேலை இதைவிடச் சின்னது, நடைமுறையானது. அவன் முகத்தையும் உடையையும் அழித்து, யாரோ ஒருவனாக ஆக்கிவிடுகின்றன.

நின்றுபோகும் பிம்பம்

ஃப்ரீஸ் ஷாட்டில் முடியும் படங்களுக்கு ஒரு கூடுதல் கேள்வி: நிறுத்தம் எந்த அசைவின் நடுவில் விழுகிறது? த்ருஃபோவின் ‘400 புளோஸ்’ (1959) கடற்கரையில் சிறுவன் ஆன்த்வானின் முகத்தில் நிற்பது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். முன்பு காவல் நிலையத்தில் அவனை நிறுத்திப் படம் எடுத்த இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நான் அதிகம் விளக்க மாட்டேன்.

எனக்கு இன்னும் பிடித்தது சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964). வீட்டுக்கு வந்த உறவுக்கார இளைஞன் அமலின் மேல் சாருவுக்கு இருந்த அன்பு கணவன் பூபதிக்குத் தெரிந்துவிட்டது. வண்டியில் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறான். வாசலில் அவள் கையை நீட்டி உள்ளே கூப்பிடுகிறாள். அவனும் கையை நீட்டுகிறான். இரண்டு கைகளும் தொடுவதற்கு முன்பே பிம்பம் நின்றுவிடுகிறது. தொடர்ந்து அசையாத படங்கள்: அவள் முகம், அவன் முகம், விளக்கோடு வேலைக்காரர், பிறகு தள்ளி நின்று இருவரையும். மேலே ‘நஷ்டநீர்’ என்ற வங்காள எழுத்துகள், தாகூரின் மூலக்கதையின் பெயர்.

கையைப் பின்தொடருங்கள். படத்தின் முதல் பிம்பமே சாருவின் கைதான். ஒரு கைக்குட்டையில் கணவனின் பெயரின் முதல் எழுத்தான ‘B’-யைப் பூத்தையல் போட்டுக்கொண்டிருக்கிறது. சற்று நேரத்தில் அதே கை ஒரு ஆப்பரா கண்ணாடியைப் பிடித்து, புத்தகத்தில் மூழ்கியபடி தன்னைத் தாண்டிப் போகும் கணவனைப் பார்க்கிறது. சில அடி தூரத்தில் போகிறவனைப் பார்க்கத் தூரதர்சினி! இரண்டு கைகளுக்கு நடுவில் முடிவில் தெரியும் அந்த நாலு விரற்கடை இடைவெளி அங்கேயே அளந்து வைக்கப்பட்டுவிட்டது. தாகூரின் கதையில் மைசூருக்குப் புறப்படும் பூபதியிடம் தன்னையும் கூட்டிப்போகச் சொல்கிறாள் சாரு. அவன் தயங்கிவிட்டுப் பிறகு சம்மதிக்கும்போது, வேண்டாம் என்று விடுகிறாள். அங்கே வாய் மறுக்கிறது. ராய் கைகளை மறுக்கவும் விடவில்லை, சேரவும் விடவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் கைகள் பிறகு சேர்ந்தனவா என்று பக்கம் பக்கமாக ஊகித்து எழுதுவது வீண். அடுத்த ஃபிரேம் இல்லை, அவ்வளவுதான். இருக்கும் ஃபிரேமில் வேலைக்காரர் ஏன் விளக்கோடு நிற்கிறார், அவருக்கு ஏன் தனி ஷாட் என்று கேளுங்கள். அந்தரங்கமான அந்த நொடிக்கு வீட்டில் ஒரு சாட்சி இருந்திருக்கிறார்.

எழுதும்போது

குறிப்புகளைக் கட்டுரையாக்கும்போது முதல் இரண்டு பத்திகளில் ‘குறிக்கிறது’, ‘உணர்த்துகிறது’ ஆகிய சொற்களுக்குத் தடை போட்டுக்கொள்ளுங்கள். என்ன தெரிகிறது என்று மட்டும் எழுதுங்கள். அதன் பிறகு ஒரு பொருளை மாற்றிவைத்துச் சோதியுங்கள். ஈத்தன் வீட்டு வாசலுக்குப் பதில் தொழுவத்து வேலியில் நின்றிருந்தால் உங்கள் விளக்கம் அப்படியே நிற்குமா? நின்றால், நீங்கள் கதவைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. சீனு குரங்காட்டத்துக்குப் பதில் வெறுமனே அவள் பெயரைக் கத்தியிருந்தால்? கமலின் நடிப்பு அப்போதும் உருக்கியிருக்கும். அந்த இருவருக்குள் மட்டும் இருந்த விளையாட்டு என்ற உங்கள் வாதம் மட்டும் விழுந்துபோகும். எது விழுகிறதோ அதுதான் அந்தப் பொருள் சுமந்த எடை.

பயிற்சிக்கு மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்தின் ஆற்றங்கரை முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் திரண்டு ஒருவனைத் தண்ணீருக்குள் இறங்க வைக்கிறது. ஊர் ஃபிரேமின் எந்தப் பக்கம், எத்தனை வரிசையாக நிற்கிறது? குழந்தைகள் கூட்டத்துக்குள் இருக்கிறார்களா, தனியாகவா? அசோக்குமாரின் கேமரா கரையில் நிற்பவர்களோடு இருக்கிறதா, ஆற்றுக்குள் இறங்கியவனோடா, எந்த நேரத்தில் பக்கம் மாறுகிறது? அதே ஆறு அதற்கு முன்பு எத்தனை தடவை வந்தது, அப்போது கரையில் இருந்தவர்கள் யார்? நோட்டில் குறைந்தது பத்து நீள்சதுரமாவது போடுங்கள். படத்தின் மூலக்கதையான புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை வரைந்து முடித்த பிறகு மட்டும் எடுத்துப் படியுங்கள். முதலிலேயே படித்துவிட்டால் கண் கதையைத் தேடிக்கொண்டு போய்விடும்.